கள்ள ஓட்டும் மனச்சாட்சியும்



கிறிஸ்மஸ் காலம் வந்தால் நம் வீடுகளில் குடில்கள் எழும்புகின்றன. வைக்கோலும் களிமண்ணும் வண்ணக் காகிதமும் கொண்டு பிள்ளைகள் கட்டும் குடிலைப் பார்த்துச் சந்தோஷப்படாத பெற்றோர் உண்டோ? முன்னெல்லாம் பங்குச் சுவாமியார் வீடு வீடாக வந்து பார்த்து, நல்ல குடிலுக்கு ஒரு செபமாலையோ சுரூபமோ பரிசளிப்பார். இப்போதோ பல இடங்களில் குடிலைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, பிடித்ததற்கு ஓட்டுப் போடுங்கள் என்கிறார்கள். குடில் மட்டுமா? பாடற்குழுப் போட்டி, பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி, அன்பியத்தார் எந்தத் திருத்தலத்துக்கு யாத்திரை போவது, திருவிழாவுக்கு எந்த நிறத்தில் சேலை எடுப்பது என்பது வரையில், விரலால் தொட்டு ஓட்டுப் போடும் காலமாகிவிட்டது.

இதில் தவறொன்றுமில்லை. பலர் கூடி ஒன்றைத் தெரிந்துகொள்வது திருச்சபையில் அப்போஸ்தலர் நாளிலேயே இருந்ததுதான். விதவைகளின் பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி அப்போஸ்தலர்கள் சபையாரிடமே விட்டார்கள் அல்லவா? ஆனால், ஓட்டு வந்த இடத்தில் கள்ள ஓட்டும் வந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இன்று சற்று யோசிப்போம்.

ஒரு தகப்பனாரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் பத்து நாள் உட்கார்ந்து ஒரு குடில் கட்டினாள். எதிர்வீட்டுப் பையனின் குடிலோ முப்பது ஓட்டு முன்னே நிற்கிறது. மகள் வாடிய முகத்தோடு படுத்துக்கொண்டாள். பெற்ற மனம் பொறுக்குமா? இரவில் அவர் தம் செல்போனை எடுத்தார். தம் பெயரில் ஓர் ஓட்டு. மனைவி தூங்கும்போது மனைவி பெயரில் ஓர் ஓட்டு. பிறகு, இல்லாத பெயர்களில் புதிது புதிதாகக் கணக்குத் திறந்து, நாற்பது ஓட்டு. விடிந்ததும் மகள் முதலிடம்! சிறுமி துள்ளிக் குதிக்கிறாள். தகப்பனாரும் சிரிக்கிறார். ஆனாலும் உள்ளே ஒரு முள் குத்துகிறது. அந்த முள்ளின் பெயர் என்ன?

"இது என்ன பெரிய பாவம்? சட்டசபைத் தேர்தலா? பாராளுமன்றத் தேர்தலா? வெறும் விளையாட்டு!" என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். "எல்லாரும் செய்கிறார்கள்; நான் மட்டும் செய்யாவிட்டால் என் பிள்ளைதான் ஏமாளி" என்றும் சொல்லலாம். "இரண்டாம் முறை ஓட்டுப் போட முடிந்ததே, முடிந்தது என்றால் கூடாது என்று யார் சொன்னது?" என்றும் கேட்கலாம். இந்த மூன்று சமாதானங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, விளையாட்டு என்னும் சமாதானம். அர்ச். தோமாஸ் அக்வினாஸ் பொய்யை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்: பிறருக்குக் கேடு விளைக்கும் பொய், ஒருவருக்கு உதவியாகச் சொல்லும் பொய், வேடிக்கைக்குச் சொல்லும் பொய். மூன்றும் குற்றமே, ஆனால் மூன்றுக்கும் பாரம் ஒன்றல்ல. கேடு விளைக்கும் பொய் மற்ற இரண்டிலும் கனமானது. இப்போது நமது தகப்பனார் சொன்ன பொய் எந்த வகை? அவர் பொய்யே சொல்லவில்லை, பொத்தானைத்தானே அமுக்கினார் என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

ஓட்டு என்பது என்ன? அது ஒரு சாட்சி. ஒருவன் ஓட்டுப் போடும்போது வாய் திறவாமலே இரண்டு காரியங்களைச் சாட்சி சொல்லுகிறான். "இங்கே நான் ஒருவன் இருக்கிறேன்" என்பது ஒன்று. "இதுவே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது" என்பது இரண்டாவது. நாற்பது கள்ள ஓட்டுப் போட்டவர், பிறவாத நாற்பது பேரைப் பிறந்தவர்களாகவும், அவர்கள் அந்தக் குடிலைப் பார்த்து மெச்சினவர்களாகவும் சாட்சி சொன்னார். எட்டாம் கற்பனை விலக்குவது இதைத்தான். அந்தச் சாட்சியினால் எதிர்வீட்டுப் பையன் தன் பரிசை இழந்தான். ஆகவே வேடிக்கையாகத் தொடங்கினது வேடிக்கையாக நிற்கவில்லை. கேடு விளைக்கும் பொய்யின் பக்கம் சாய்ந்துவிட்டது. பரிசு கைக்கு வந்தபோது ஏழாம் கற்பனையும் கூடவே வாசற்படியில் வந்து நிற்கிறது.

பரிசு சிறியதுதான், ஆகவே குற்றமும் சிறியதாயிருக்கலாம். அதை மலையாக்க வேண்டியதில்லை. ஆனால் சிறியதிலே உண்மையாயிருக்கிறவனே பெரியதிலும் உண்மையாயிருப்பான் என்று நம் ஆண்டவர் போதித்ததை மறக்கவும் வேண்டாம். மேலும் அந்தப் பையனுக்கு அந்தப் பரிசு சிறியதா? பெரியவர்களுக்கு அற்பமானது பிள்ளைகளுக்கு அற்பமல்ல.

இரண்டாவது, எல்லாரும் செய்கிறார்கள் என்னும் சமாதானம். இதற்கு ஒரு பழைய கதை நல்ல பதில் தரும். அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் உண்டு. அதில் ஆண்டுதோறும் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஓர் ஆட்டம் நடத்துவார்கள். யார் யார் இறங்குவது என்பதை ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்து வந்தார்கள். 1957-ம் ஆண்டில் சின்சினாட்டி நகரத்து ரசிகர்கள் பெட்டி பெட்டியாக ஓட்டுச் சீட்டுகளை நிரப்பி அனுப்பினார்கள். அவ்வூர்ப் பத்திரிகையும் சீட்டுகளை அச்சிட்டு வழங்கித் துணைநின்றது. முடிவு என்ன தெரியுமா? பந்து வீசுகிறவர் நீங்கலான எட்டு இடங்களில் ஏழு இடங்கள் அந்த ஒரே நகரத்து ஆட்டக்காரர்களுக்குப் போய்விட்டன! ஆட்ட நிர்வாகத்தின் தலைவரான ஃபோர்டு ஃப்ரிக் தலையிட்டு, அவர்களில் இருவரை நீக்கி, ஹாங்க் ஆரன், வில்லி மேஸ் என்ற இருவரைச் சேர்த்தார். அதோடு நிற்கவில்லை. ஓட்டுப் போடும் உரிமையே ரசிகர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. 1970-ம் ஆண்டில்தான் அது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

பார்த்தீர்களா? அந்த நகரத்தார் யாரையும் அடிக்கவில்லை, உதைக்கவில்லை. தங்கள் ஊர்ப்பிள்ளைகள் மேல் வைத்த பாசத்தால்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் செய்ததற்காக நாடு முழுவதும் உள்ள நேர்மையான ரசிகர்கள் பல ஆண்டுகள் வாயடைத்து நின்றார்கள். கள்ள ஓட்டு, தோற்றவனை மட்டும் கெடுப்பதில்லை. நல்ல ஓட்டுப் போட்ட ஒவ்வொருவனுடைய சொல்லையும் தண்ணீர் கலந்த பாலாக்கிவிடுகிறது. அடுத்த முறை கேட்டால், "போங்கள், எல்லாம் மோசடி" என்று சனங்கள் சொல்லுவார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பது குற்றத்தைக் குறைக்கிற நியாயமல்ல. கெடுதல் எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

மூன்றாவது, பூட்டு இல்லையே என்னும் சமாதானம். பூட்டில்லாத தோட்டத்தில் மாங்காய் பறித்தவனும் இதையேதான் சொல்லுவான். ஆனாலும் பூட்டைப் பற்றிச் சிறிது பேசுவது நல்லது. ஏனெனில் போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு.

1999-ம் ஆண்டு நவம்பரில் ஓர் இணையதளம், கணினி இயலில் மேற்படிப்புக்கு எந்தக் கல்விநிலையம் சிறந்தது என்று ஓட்டுக் கேட்டது. ஒருவர் இரண்டு முறை ஓட்டுப் போடாதபடி, ஒவ்வோர் இணைப்பின் எண் முகவரியையும் குறித்துக்கொண்டது. ஆனால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் அந்தப் பூட்டைத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்து, தங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டு விழும்படி ஒரு நிரல் எழுதினார்கள். மறுநாள் எம்.ஐ.டி. மாணவர்களும் தங்கள் நிரலோடு வந்துவிட்டார்கள். கடைசியில் எம்.ஐ.டி.க்கு 21,156 ஓட்டு. கார்னகி மெலனுக்கு 21,032 ஓட்டு. மற்ற எந்தக் கல்விநிலையத்துக்கும் ஆயிரம் ஓட்டுகூட இல்லை. எது சிறந்த கல்விநிலையம் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததா? எந்த இயந்திரம் வேகமாக ஓடும் என்பது மட்டுமே தெரிந்தது.

இத்தகைய இயந்திர ஓட்டுகளைத் தடுக்க, கோணலாக எழுதிய எழுத்துகளைப் படித்துக் காட்டச் சொல்லும் சோதனைகள் வந்தன. அதே கார்னகி மெலனைச் சேர்ந்த லூயிஸ் ஃபான் ஆன், மானுவல் பிளம் முதலிய அறிஞர்கள் அச்சோதனைக்குக் 'காப்சா' என்று பெயரிட்டு, மேற்சொன்ன வாக்கெடுப்பையே அதன் தேவைக்கு உதாரணமாக எழுதினார்கள். இன்றோ அந்த எழுத்துகளை மனிதரைப்போலவே படிக்கும் இயந்திரங்கள் உண்டாகிவிட்டன. பூட்டு வளர வளரச் சாவியும் வளருகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இதைப் போட்டி நடத்துகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். ஓர் இணைப்புக்கு ஓர் ஓட்டுத்தான் என்று கட்டளையிட்டால், ஒரே கூரையின்கீழ் வாழும் ஐந்து பேரில் நான்கு பேருடைய ஓட்டுப் போய்விடும். செல்போன் நிறுவனங்களின் இணைப்பில் பல பேருக்கு வெளியே தெரியும் எண் முகவரி ஒன்றாகவே இருப்பதும் உண்டு. ஒரு செல்போன் எண்ணுக்கு ஓர் ஓட்டு என்றாலோ, ஐந்து போன் வைத்திருக்கிற பணக்கார வீட்டுக்கு ஐந்து ஓட்டு. ஒரே போனை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் கூலிக்காரர் வீட்டுக்கு ஒரே ஓட்டு. கள்ளனைப் பிடிக்கப் போட்ட வலையில் ஏழை சிக்கிக்கொண்டால் அது நீதியாகுமா? மோசடியைத் தடுப்பது நல்லது. ஆனால் ஒருவனுக்கு உரியதைப் பறித்துத் தடுப்பது நல்லதல்ல. கட்டுப்பாடு ஒவ்வொன்றையும் ஏற்படுத்துமுன், இதனால் யார் வெளியே நிற்பார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? நம் முன்னோரும் நம் திருச்சபையும் இதில் நமக்கு ஆசிரியர்கள்.

காஞ்சிபுரம் சீமையிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர்ச்சபைக்கு ஆள் தெரிந்தெடுக்க, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிப்பார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும். ஏன்? கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைக்கவில்லை என்று எல்லாரும் காண்பதற்காக. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு அந்தக் குடத்தில் இடமே கிடையாது.

பாப்பரசரைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பாருங்கள். கர்தினால்மார் யாவரும் பக்தியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள். அவர்களை நம்பாவிட்டால் யாரை நம்புவது? ஆனாலும் அர்ச். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996-ம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, ஓட்டுகளை எண்ண மூவர், எண்ணியதைச் சரிபார்க்க மூவர் திருவுளச்சீட்டால் நியமிக்கப்படுகிறார்கள். பெயரை எண்ணுமுன் சீட்டுகளை எண்ணுகிறார்கள். சீட்டுகளின் தொகை கர்தினால்மாரின் தொகையோடு பொருந்தவில்லையானால், எல்லாவற்றையும் சுட்டெரித்துவிட்டு உடனே மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். 2025-ம் ஆண்டு மே மாதம் 133 கர்தினால்மார் கூடிப் பதினான்காம் சிங்கராயரைத் தெரிந்தெடுத்ததும் இவ்வகையான ஒழுங்கில்தான்.

இத்தனை காவலும் போதாதென்று இன்னொரு காவலும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரியது. ஒவ்வொரு கர்தினாலும் தம் சீட்டை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடித்துப் பீடத்தண்டை போய், தமக்கு நடுவராகப் போகிற கிறிஸ்துநாதரையே சாட்சியாக அழைத்து ஆணையிட்ட பின்னரே சீட்டைப் பாத்திரத்தில் இடுகிறார். அந்தப் பீடத்தின் பின்னே சுவர் முழுவதும் மிக்கேல் ஆஞ்சலோ தீட்டிய பொதுத்தீர்வைச் சித்திரம்! வெளியே பூட்டு, உள்ளே மனச்சாட்சி. திருச்சபை இரண்டையும் வைத்திருக்கிறது. மனிதரை நம்பாததனால் பூட்டு வைக்கவில்லை. பலவீனருக்குச் சோதனை வராதபடி வைத்திருக்கிறது.

1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இதே புத்தியைக் காணலாம். ஒருவருக்குப் பல பதவிகளால் ஓட்டுரிமை வந்தாலும் அவர் ஒரே ஓட்டுத்தான் போடலாம். போடுகிறவர்களின் தொகைக்கு மேல் ஓட்டு விழுந்தால் அந்த வாக்கெடுப்பே செல்லாது. எவ்வளவு எளிய விதி!

ஆகவே போட்டி நடத்தும் அன்பியத்தாருக்கும் இளைஞர் சபையாருக்கும் சில யோசனைகள். யார் ஓட்டுப் போடலாம், எத்தனை, எந்த நாள் வரையில் என்பதை முன்னதாகவே எல்லாருக்கும் தெரியச் சொல்லுங்கள். விதி சொல்லாமல் விட்டுப் பிறகு குற்றம் பிடிக்காதீர்கள். பங்கின் குடும்பப் பதிவேடு இருக்கிறதே, அதைக்கொண்டு ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, ஞாயிறு பூசைக்குப்பின் பெட்டியில் போடச் சொன்னால், போன் இல்லாத பாட்டியம்மாளும் ஓட்டுப் போடுவாள். வர இயலாத நோயாளியிடம் இருவர் போய் வாங்கி வரட்டும். இணையத்தில்தான் நடத்த வேண்டுமென்றால், நிமிஷத்துக்கு நிமிஷம் யாருக்கு எத்தனை என்று காட்டாதீர்கள். நமது தகப்பனாரைச் சோதனையில் தள்ளியது அந்த முப்பது என்ற எண்ணிக்கையல்லவா? முடிவில், போட்டியாளருக்கு உறவில்லாத இருவர் எண்ணட்டும். ஓட்டுகளின் தொகையை முதலில் பார்க்கட்டும். பாதி மதிப்பெண்ணாவது நேரில் பார்த்த நடுவர் கையில் இருக்கட்டும். அற்பக் காரியமானால் ஓட்டே இல்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினாலும் குறைவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓட்டுகள் திடீரென்று பெருகினவுடனே, "இன்னார் மோசடி செய்தார்" என்று குழுவில் எழுதிவிடாதீர்கள். ஒரு பெரிய குடும்பம் ஒரே இரவில் சேர்ந்து ஓட்டுப் போட்டிருக்கலாம். அத்தாட்சியில்லாமல் பிறர்மேல் குற்றம் சுமத்துவதும் அதே எட்டாம் கற்பனைக்கு விரோதம். சந்தேகம் வந்தால், எவர் பெயரையும் சொல்லாமல் அந்த வாக்கெடுப்பைத் தள்ளிவிட்டு மறுபடி நடத்துங்கள். ரோமையில் சீட்டுகளைச் சுட்டெரிப்பதன் கருத்தும் அதுவே. குற்றவாளியைத் தேடாமல் குற்றத்தைச் செல்லாததாக்குகிறார்கள்.

சிலர் கேட்பார்கள்: "துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள என் சொந்தக்காரரை ஓட்டுப் போடச் சொல்வது குற்றமா?" விதி அதை அனுமதித்தால் அது கள்ள ஓட்டல்ல, அவர்கள் உண்மையாகவே இருக்கிற மனிதர்கள். ஆனால் ஓட்டுச் சொல்லும் இரண்டாம் சாட்சியை நினைவில் வையுங்கள். மற்றக் குடில்களைப் பாராமலே "இதுவே நல்லது" என்று அவர்கள் சொல்லலாமா? "எல்லாவற்றையும் பார்த்து, உங்களுக்கு நல்லதாகத் தோன்றுவதற்குப் போடுங்கள்" என்று எழுதி அனுப்புங்கள். அப்படி எழுத மனம் வராவிட்டால், நீங்கள் தேடுவது நியாயத்தையல்ல, வெற்றியை மட்டுமே என்று தெரிந்துகொள்ளலாம். பணம் கொடுத்து ஓட்டு வாங்கும் கடைகளும் இணையத்தில் உண்டாம். அதைப் பற்றி ஒரு கிறிஸ்தவனுக்கு அதிகம் சொல்ல வேண்டுமா?

நிற்க. நமது தகப்பனார் இப்போது என்ன செய்வது? மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதுமா? போதாது. பிறர் பொருள் கையில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சக்கேயு என்பவன் ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றபோது, வஞ்சித்து வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னானே! ஊர் கூட்டி அறிக்கையிட வேண்டியதில்லை. போட்டி நடத்தியவரிடம் தனியே போய், "என் கணக்கில் நாற்பது ஓட்டுக் கழித்துவிடுங்கள்" என்று சொன்னால் போதும். பரிசு உரியவனுக்குப் போய்ச் சேரும்.

கடினமான பங்கு வீட்டில்தான் இருக்கிறது. மகளிடம் என்ன சொல்லுவார்? சொல்லத்தான் வேண்டும். "அம்மா, உன் குடில் எனக்கு முதல் பரிசுதான். ஆனால் அப்பா தப்புச் செய்துவிட்டேன்" என்று ஒரு தகப்பன் சொன்னால் பிள்ளை அழுவாள். ஆனால் அன்று அவள் கற்றுக்கொள்வதை எந்த ஞானோபதேச வகுப்பும் கற்பிக்க முடியாது. சொல்லாவிட்டாலோ, அந்தப் பரிசு அலமாரியில் இருக்கும் காலமெல்லாம், அவள் பெற்ற புகழ்ச்சியில் எது உண்மை, எது பொய் என்று அவளுக்கே தெரியாது. பாசத்தினால் செய்த மோசடி, பாசம் வைத்த பிள்ளையைத்தான் முதலில் ஏமாற்றுகிறது.

கடைசியாக ஒன்று. பெத்லகேமில் அந்தக் குடில் உண்டானது எதனாலே? இராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டதனாலே. அர்ச். சூசையப்பர் கர்ப்பவதியான தேவமாதாவை அழைத்துக்கொண்டு, தூர வழி நடந்து, தம் சொந்த ஊரில் தம் பெயரைக் கொடுக்கப் போனார். சத்திரத்தில் இடமில்லை, ஆனாலும் கணக்கில் உண்மை இருந்தது. அந்தத் திருக்குடும்பத்தின் சாயலைக் களிமண்ணில் செய்து வைத்துவிட்டு, அதன் பெயராலே பொய்த்தொகை எழுதலாமா? நம் வீட்டுக் குடிலில் படுத்திருக்கும் பாலசேசுவின் முன்னிலையில் ஆளுக்கு ஓர் ஓட்டே போடுவோம். அதை உண்மையாய்ப் போடுவோம். பரிசு யாருக்குக் கிடைத்தாலும், சமாதானம் நம் வீட்டில் தங்கும்.